மேற்குச் சுவரில் செங்குத்துத் தோட்டம்: மூன்று சித்திரைக்குப் பிறகு

சுவரில் செடித் தொட்டிகளை மாட்டும் பேனல் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டதற்குப் பதில் இது. பேனலில் குறையில்லை. மூன்று சித்திரை வெயிலைத் தாங்கியும் தொட்டி வெடிக்கவில்லை, கொக்கி உடையவில்லை. உயிரை எடுப்பது, தொட்டிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் டிரிப்பர்தான்.

மதுரையில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. தண்ணீர் நின்றதும் டிரிப்பர் வாயில் தங்கும் கடைசிச் சொட்டு வெயிலில் காய்ந்து, வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறது. 120 மெஷ் (நுண்ணிய வலை) ஃபில்டர் போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. அது மணலைப் பிடிக்கும், கரைந்த உப்பைப் பிடிக்காது. மோட்டார் நின்றவுடன் குழாய்த் தண்ணீர் கீழ் வரிசைக்கு இறங்கிவிடுவதால் மேல் வரிசைதான் முதலில் அடைக்கும். கீழே வேர் அழுகும், மேலே செடி காயும்.

இலை தொங்குவது கண்ணில் படும்போது காலம் கடந்துவிடுகிறது. தேங்காய் நார்க்கழிவு ஒருமுறை முழுதாகக் காய்ந்தால் மேலே ஊற்றும் தண்ணீரை உறிஞ்சாது. ஓரமாக வழிந்து போய்விடும். அந்தத் தொட்டியைக் கழற்றி வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கி வைக்க வேண்டும்.

இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் அளந்து பாருங்கள். மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர் 5 நிமிடத்தில் சுமார் 165 மில்லி விட வேண்டும். மேல் வரிசையில் நாலைந்து இடத்தில் டம்ளர் பிடியுங்கள். 100 மில்லிக்குக் கீழே இறங்கினால் கழற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து இரவு முழுக்க ஊறப்போட்டு, கழுவி மாட்டலாம். அதனால் பிரித்துக் கழுவக்கூடிய டிரிப்பரையே வாங்குங்கள். வாரம் ஒருமுறை குழாய் முனை மூடியைத் திறந்து இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். ஆர்.ஓ. கழிவுநீரை இதில் விடவே கூடாது. உப்பு இன்னும் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைத் தண்ணீர்த் தொட்டியில் பிடித்து வைத்து விட்டால் செடி பளிச்சென்ற பச்சையில் நிற்கும்.

செடிகளில் ரியோவும் ஸ்பைடர் செடியும் பரவாயில்லை. மணிபிளான்ட் மேற்கு வெயிலில் கருகும். டேபிள் ரோஸ் வெயிலைக் கொண்டாடும். மாவுப்பூச்சிக்கு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடித்தால் போதும்.

பாரிஸ் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பேட்ரிக் பிளாங்க் அமைத்த சுவரின் படத்தைக் காட்டி, அதேபோல் துணிவிரிப்பில் செடி வைக்கச் சொல்வார்கள். அந்த ஊர்க் குளிர்ச்சி வேறு. இங்கே மண் கலந்த தொட்டிதான் நிற்கும்.

இவ்வளவையும் மீறி அந்தச் சுவர் அழகு, அப்படி ஓர் அழகு. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது ரியோ இலையின் அடிப்பக்க ஊதா பளிச்சென்று தெரியும். தேன்சிட்டு வந்து போகிறது. பேனலுக்கும் சுவருக்கும் மூன்று அங்குலம் இடைவெளி விட்டால் காற்று ஓடும். முன்பு இரவில் அனலடித்த அறைச் சுவரை இப்போது கையால் தொட முடிகிறது. காரை பூசிய எந்தச் சுவருக்கும் இந்த உயிர் வராது.

ஆனாலும் போர் தண்ணீர் மட்டும் உள்ள வீட்டுக்கு வாங்காதீர்கள், விலை பாதியாக இறங்கினாலும். சுவரோரம் இரண்டடிக் குழி வெட்டி ரங்கூன் மல்லி வைத்து, கம்பிவலையில் ஏற்றிவிடுங்கள். வேர் மண்ணில் இருக்கும். டிரிப்பரே வேண்டாம்.