அரிசோனா ஃபீனிக்ஸ் பக்கம் மாங்கன்னு வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டு வாங்குங்க, எனக்கு 1,240 டாலர் போச்சு

மக்களே, கோவத்துல டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. இன்னிக்கு மத்தியானம்தான் அந்த நர்சரிகிட்ட இருந்து கடைசி மெசேஜ் வந்துது. "உங்க மரத்துல புதுத் துளிர் வந்திருக்கு, மரம் உயிரோட இருக்கு, அதனால வாரண்டி பொருந்தாது." அவ்ளோதான், அதுக்கப்புறம் நம்பரை ப்ளாக் பண்ணிட்டாங்க.

பேர் போட மாட்டேன், அப்புறம் வக்கீல் நோட்டீஸ் அது இதுன்னு இழுப்பாங்க. போர்டு மாட்டின கடை எல்லாம் இல்ல, வாட்ஸ்அப் குரூப்ல ஆர்டர் எடுத்து ட்ரக்ல கொண்டு வந்து அவங்களே குழி வெட்டி நட்டுக் குடுக்கற டைப். மா, சப்போட்டா, கறிவேப்பிலைன்னு நம்ம ஆளுங்க எதுக்கு ஏங்குவாங்களோ அதையா பாத்து விப்பாங்க.

நாங்க இருக்கறது ஃபீனிக்ஸுக்கு வெளிய குயின் க்ரீக்ல. அக்டோபர்ல வாங்கினோம், கேசர் ரக ஒட்டு மா ரெண்டு, ஒண்ணு 320 டாலர். எலுமிச்சை 180. கறிவேப்பிலை 70. இது போக "வின்டர் கேர் பேக்கேஜ்"னு 350, அதாவது ஃப்ரீஸ் வார்னிங் (தண்ணி உறையற அளவுக்குக் குளிரும்கற எச்சரிக்கை) வந்தா அவங்க ஆளே வந்து மூடுவான், காலைல வந்து பிரிப்பான், அப்படியும் செத்துப் போச்சுன்னா ஒரு வருஷத்துக்குள்ள புது மரம். மொத்தம் 1,240 டாலர். கார்டு வாங்க மாட்டாங்களாம், Zelle-ல (பேங்க் அக்கவுண்ட்ல இருந்து நேரா காசு அனுப்பறது) அனுப்பச் சொன்னாங்க.

ஏன் நம்பினேன்னு கேப்பீங்க. நட வந்தவர் சும்மா வியாபாரி மாதிரி பேசல. மண்ணுல முட்டி போட்டு உக்காந்து, தண்டுல வீங்கினாப்புல இருந்த ஒரு இடத்தை விரலால தடவிக் காமிச்சு, "சிஸ்டர், இதுதான் ஒட்டு கட்டின இடம், இதுக்கு மேலதான் கேசர், கீழ இருக்கறது சாதா மா, கீழ இருந்து என்ன துளிர்த்தாலும் கிள்ளிப் போட்டுடுங்க, அது உங்களுக்கு வேண்டாம்"னு சொன்னார். அந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கங்க. இவ்ளோ தெரிஞ்ச மனுஷன்னு நெனச்சுதான் பேக்கேஜுக்கும் சேத்து அங்கேயே நின்னு காசு அனுப்பினேன்.

ஜனவரில வெதர் சர்வீஸ் ஃப்ரீஸ் வார்னிங் போட்டாங்க. காலைல இருந்து மெசேஜ் பண்ணிட்டே இருந்தேன், சாயங்காலம் ஒரு பையன் வந்தான். கைல என்ன தெரியுமா, பெயிண்ட் அடிக்கறப்போ சோஃபா மேல போடுவாங்களே அந்த மெல்லிசு ப்ளாஸ்டிக். அதை மரத்தோட தலைல மாட்டி, அடியில தண்டைச் சுத்தி டேப் போட்டு இறுக்கிட்டான். தரை வரைக்கும் வர வேண்டாமாப்பான்னு கேட்டேன், "இதான் ப்ரொசீஜர்"னுட்டு போயிட்டான்.

இங்க குளிர் எப்படி அடிக்கும்னா, வானம் தெளிவா, காத்து அசையாம, ஈரப்பதமே இல்லாம இருக்கற ராத்திரில பகல் பூரா மண்ணுல ஏறின சூடு எல்லாம் அப்படியே மேல போயிடும். அந்த சூட்டைப் பிடிச்சு வைக்கத்தான் துணியை தரை வரைக்கும் கூடாரமா விடணும். இவன் தண்டுல இறுக்கிக் கட்டினதுல மண்ணு சூடு மரத்துக்கு ஒரு துளி போகல, போதாததுக்கு ப்ளாஸ்டிக் இலையில ஒட்டிக்கிட்டு, ஒட்டின இடமெல்லாம் முதல்ல கருகிச்சு. விடியறப்போதான் ரொம்ப இறங்கும், எங்க பேக்யார்ட் தெர்மாமீட்டர் 27 ஃபாரன்ஹீட் காட்டிச்சு, நம்ம செல்சியஸ் கணக்குல மைனஸ் 3 டிகிரி கிட்ட.

காலைல பிரிக்க ஒருத்தனும் வரல. போன் எடுக்கல. நானும் வீட்டுக்காரரும் ஆபீஸ் போயாச்சு, மத்தியானம் ஓடி வந்து பாத்தா வெயில் ஏறி ப்ளாஸ்டிக் உள்ள ஆவி கட்டி நிக்குது, பிரிச்சா இலையெல்லாம் வேக வெச்ச கீரை மாதிரி கருப்பா தொங்குது. ரெண்டு நாள்ல காஞ்சு மொறுமொறுன்னு ஆயிடுச்சு, ஆனா கீழ விழல, மரத்துலயே இருந்து காத்துல சலசலங்குது. கறிவேப்பிலை குச்சியாயிடுச்சு. அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு "ஏன்டி, மார்கழிக் குளிர்லதானே நம்ம வீட்டு மரம் பூ வைக்கும், இது ஏன் செத்துது"ங்கறாங்க. அம்மா, அந்தக் குளிர் வேற இந்தக் குளிர் வேற.

இப்போ பதில்களைப் பாருங்க. முதல்ல, "ஏர்போர்ட்ல 36 தான், ஃபீனிக்ஸ்ல ஃப்ரீஸே ஆகல, நீங்க தண்ணி விடல." ஏர்போர்ட் ஊரு நடுவுல கான்க்ரீட்டுக்குள்ள இருக்கு, எங்க பக்கம் இன்னும் பாதி வயலும் காலி மனையும், அங்க விட இங்க எப்பவும் கீழதான் இருக்கும், வார்னிங்கும் எங்க ஏரியாக்குதான் போட்டாங்க. தெர்மாமீட்டர் போட்டோ அனுப்பினேன். அடுத்த வாரம் வேற ஒருத்தர், "ஃப்ரீஸ் ஆக்ட் ஆஃப் காட், வாரண்டில வராது." போன வாரம் ஃப்ரீஸே ஆகலைன்னீங்க, இந்த வாரம் அது கடவுள் செயலா? ஃப்ரீஸ் வந்தா பாத்துக்கத்தானே தனியா 350 வாங்கினீங்க? எதிர் வீட்டு அமெரிக்கக்காரம்மா இங்கயே ரொம்ப காலமா இருக்காங்க, 2007 ஜனவரிலயும் 2011 பிப்ரவரிலயும் அடிச்ச குளிர்ல வேலி ஓரம் இருந்த ஃபைகஸ் மரம் எல்லாம் கருகினதைச் சொன்னாங்க. இங்க மரம் விக்கறவனுக்கு இது தெரியாதா?

அவங்கதான் மார்ச் வரைக்கும் எதையும் வெட்டாதே, காஞ்ச இலைதான் உள்ள இருக்கற கிளைக்குப் போர்வைன்னாங்க. வெட்டல. போன வாரம் நகத்தால பட்டையைச் சுரண்டிப் பாத்தோம். ஒட்டுக்கு மேல ரெண்டு மரத்துலயும் பூரா ப்ரவுன். ஒட்டுக்குக் கீழ பச்சை, அங்க இருந்து செவப்பா குட்டித் துளிர். அதாவது கேசர் செத்தாச்சு, அடி மரம் பொழச்சிருக்கு. அதைப் போட்டோ எடுத்து அனுப்பினதுக்குத்தான் இன்னிக்கு "மரம் உயிரோட இருக்கு"ன்னு பதில். எந்தத் துளிரைக் கிள்ளிப் போடுன்னு முட்டி போட்டுச் சொன்னாரோ அதே துளிரைக் காமிச்சு என் 1,240 டாலரை முழுங்கறாங்க. பேங்க்ல கேட்டா, Zelle-ல நீங்களே அனுப்பினது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க.

(விதை போட்டு நானா வளத்த முருங்கையும் தரையோட கருகிச்சு, அது வேர்ல இருந்து தானா கிளம்பி வருது. பத்து பைசா செலவில்ல.)

என்ன பண்ணணும்னு விலாவாரியா எழுதத்தான் உக்காந்தேன், இப்போ முடியல. கார்டு வாங்காதவன்கிட்ட வாங்காதீங்க. வாரண்டில "மரம்"னு போட்டிருந்தா அது ஒட்டுக்கு மேல இருக்கறதுதான்னு எழுதி வாங்குங்க. மூடறதுக்கு யாருக்கும் காசு குடுக்காதீங்க, ஃப்ராஸ்ட் க்ளாத்தோ (குளிருக்குச் செடி மூடற துணி) பழைய பெட்ஷீட்டோ தரை வரைக்கும் விட்டு ஓரத்துல கல்லு வைங்க, முந்தின நாளே மண்ணுக்குத் தண்ணி விடுங்க, காலைல வெயில் வந்ததும் எடுத்துடுங்க. உள்ள லைட் போடறதா இருந்தா பழைய குண்டு பல்பு சரம், எல்இடில சூடு வராது. நான் அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்ல கன்ஸ்யூமர் கம்ப்ளைன்ட் போடப் போறேன், இதே மாதிரி ப்ளாஸ்டிக் கட்டி ஏமாந்தவங்க இருந்தா ரசீதையும் போட்டோவையும் எடுத்து வெச்சுட்டு எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்து போடலாம்.