டி.பி.டி.யா, பி.எச்டி.யா? பிசியோதெரபி முனைவர் பட்டத்துக்கு இரு பாதைகள்

இரண்டு பட்டங்களுமே பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ள வைக்கும். ஆனால் டி.பி.டி. (டாக்டர் ஆஃப் பிசிகல் தெரபி) நோயாளியைப் பார்ப்பதற்கான தொழில்முறைப் படிப்பு, பி.எச்டி. ஒரு கேள்விக்கு விடை தேடும் ஆய்வுப் பயிற்சி. இது தெரியாமல் சேருபவர்கள் நிறைய.

டி.பி.டி. அமெரிக்காவில் வேரூன்றிய பட்டம். கிரைட்டன் பல்கலைக்கழகம் 1993இல் நுழைவுநிலை (தொழிலில் சேருவதற்கான முதல் தகுதியான) டி.பி.டி.யைத் தொடங்கியது. 2016 முதல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற நுழைவுநிலைப் படிப்புகள் எல்லாமே டி.பி.டி.தான். பெரும்பாலும் மூன்றாண்டு; அதில் குறைந்தது 30 வாரம் முழுநேர மருத்துவமனைப் பயிற்சி. பிறகு உரிமத்துக்கான தேசியத் தேர்வு: 200 முதல் 800 வரையான அளவுகோலில் 600 எடுத்தால் தேர்ச்சி. பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து ஒப்பிடக் கூடாது. பாகிஸ்தானில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நேரே சேரும் ஐந்தாண்டுப் படிப்புக்கும் டி.பி.டி. என்றே பெயர்.

வேறு நாட்டில் படித்தவர் அமெரிக்காவில் பணிபுரிய மறுபடி மூன்றாண்டு டி.பி.டி. படித்தே ஆகவேண்டும் என்பதில்லை. முதலில் பாடச்சான்றுகளைச் சமநிலை மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். குறையும் பாடங்களை முடித்து, தேர்வு எழுதலாம். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்த இடத்தில்தான் பலர் 'டிரான்சிஷனல்' டி.பி.டி.யில் பணத்தைக் கொட்டுகிறார்கள். அது ஏற்கெனவே தொழில் தகுதி உள்ளவரின் பட்டத்தை உயர்த்தும் படிப்பு. புதிதாக உரிமம் எதையும் அது தராது.

பி.எச்டி.யின் கணக்கு வேறு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் முழுநேரமாக மூன்று, நான்கு ஆண்டு. அமெரிக்காவில் பாடங்களும் தகுதித் தேர்வும் சேர்ந்து பெரும்பாலும் அதைவிட நீளும். டி.பி.டி.க்குக் கட்டணம் பெரும்பாலும் மாணவர் தலையில், முழுநேர பி.எச்டி.க்கோ உதவித்தொகை கிடைக்க வாய்ப்புண்டு. உதவித்தொகை இல்லாத முழுநேர இடத்தை ஏற்குமுன் இருமுறை யோசிக்க வேண்டும்.

பி.எச்டி.யை இழுத்தடிப்பது பெரும்பாலும் நோயாளிகளின் எண்ணிக்கைதான். பக்கவாதத்துக்குப் பிந்தைய கைப்பயிற்சி ஒன்றை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். நடுத்தர அளவு வித்தியாசத்தை (திட்ட விலக்கத்தில் பாதி, அதாவது 0.5) 80 சதவீதத் திறனோடும் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் பிழைக்கு 5 சதவீத வரம்போடும் காட்ட, குழுவுக்கு 64 பேர் வேண்டும். 20 சதவீதம் பேர் பாதியில் விலகுவார்கள் என்றால் 64ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும்: 80 பேர். 1.2ஆல் பெருக்கி 77 என்று எழுதுவது அடிக்கடி கண்ணில் படும் தவறு. ஆக மொத்தம் 160 பேர். மாதம் 10 புதிய நோயாளிகள் வந்து, பாதிப்பேர் தகுதி பெற்று, அவர்களில் பாதி சம்மதித்தால், மாதத்துக்கு 2.5 பேர்தான் கிடைப்பார்கள். 64 மாதம்! நோயாளி சேர்ப்புக்கு மட்டுமே ஐந்து ஆண்டுக்கு மேல். ஒரே ஆளுக்கு இரண்டு சிகிச்சையும் மாற்றிக் கொடுத்து எண்ணிக்கையைக் குறைக்கலாமே என்றால், முதல் பயிற்சியில் கற்றது கையை விட்டுப் போகாதே. இரண்டாம் கட்ட அளவீடு கெட்டுவிடும். எனவே முறைசார் மீளாய்வு (ஏற்கெனவே வெளியான ஆய்வுகளை வரையறுத்த முறையில் திரட்டி மதிப்பிடுவது), அளவீட்டு நம்பகத்தன்மை ஆய்வு, சிறிய முன்னோட்டச் சோதனை என மூன்று துண்டாகப் பிரிப்பதுதான் நிதானமான திட்டம்.

அளவீட்டிலும் சறுக்கல் உண்டு. ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் ஆறு நிமிட நடைச்சோதனைக்கு 30 மீட்டர் நடைபாதை பரிந்துரைக்கப்படுகிறது. இடமில்லை என்று 15 மீட்டரில் நடக்கவிட்டால் திரும்பும் தடவைகள் கூடும், கடக்கும் தூரம் குறையும். இன்னொரு மையத்தின் எண்ணோடு சேர்க்க முடியாது. நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும் ஊக்க வாசகம்கூட எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நோயாளி எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது சிகிச்சை தருபவருக்கும் அந்த நோயாளிக்கும் தெரியாமல் செய்வது பிசியோதெரபியில் பெரும்பாலும் நடக்காத காரியம். ஆகவே பிசியோதெரபி ஆய்வுகளின் தரத்தை மதிப்பிடும் பெட்ரோ அளவுகோலின் 10 புள்ளிகளில் நல்ல ஆய்வும் 8க்கு மேல் போவது அரிது. அளவிடுபவருக்காவது குழு தெரியாமல் இருக்க வேண்டும். மாணவரே பயிற்சியும் கொடுத்து மூட்டுக் கோணத்தையும் அளந்தால் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். சோதனையை மருத்துவச் சோதனைகளுக்கான பொதுப் பதிவேட்டில் ஏற்றுவது முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே நடக்க வேண்டும். தாமதமானால் பல இதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஆய்வேட்டை ஒரே நூலாக எழுதுவதா, கட்டுரைகளாகக் கோப்பதா? கட்டுரை வழி வேலை தேடும்போது கைகொடுக்கும். ஆனால் இதழ்களின் மதிப்புரைக்குக் காத்திருக்கும் மாதங்கள் உங்கள் கையில் இல்லை. 'வெளியான' கட்டுரை வேண்டுமா, 'அனுப்பிய' கட்டுரை போதுமா என்பதைப் பல்கலைக்கழக விதியில் சேருமுன்பே படித்துவிட வேண்டும்.

நோயாளியைப் பார்ப்பதே விருப்பம் என்றால் பி.எச்டி. வேண்டியதில்லை. ஆய்வுப் பேராசிரியர் பணிதான் குறி என்றால் டி.பி.டி. மட்டும் பெரும்பாலும் போதாது. பி.எச்டி.தான் என்று முடிவானால் பல்கலைக்கழகத் தரவரிசையைவிட நெறியாளரிடம் கேட்கவேண்டியவை முக்கியம்: இதுவரை எத்தனை மாணவர்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? கருவி யார் வசம், வாரம் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? உங்கள் தகுதி வரையறைக்குள் வரும் நோயாளிகள் போன மாதம் எத்தனை பேர் வந்தார்கள்? கடைசிக் கேள்விக்குத் தோராயமாகச் சொன்னால் விடாதீர்கள். வெளிநோயாளர் பதிவேட்டையே பார்க்கக் கேளுங்கள்.