சமர்கண்டா, புகாராவா?

உஸ்பெகிஸ்தான் போகிறவர்கள் முதலில் குறித்துக்கொள்வது சமர்கண்டைத்தான். ரெஜிஸ்தான் சதுக்கத்தின் படம் ஒன்று போதும், டிக்கெட் போட வைத்துவிடும். புகாராவுக்கு மிஞ்சுவது அரை நாள். என் கணக்கு இதற்கு நேர்மாறு.

சமர்கண்டின் பலம் பிரமாண்டம். ரெஜிஸ்தானின் மூன்று பக்கமும் மதரசாக்கள். மத்திய ஆசியப் பேரரசன் தைமூரின் பேரன் உலுக் பேக் கட்டியது 1420இல் முடிந்தது. மற்ற இரண்டும் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் ஷெர்-தோர் வாசலை அண்ணாந்து பாருங்கள். மானைத் துரத்தும் ஒரு விலங்கு. உடம்பில் புலியின் வரிகள், கழுத்தில் சிங்கத்தின் பிடரி, முதுகில் மனித முகத்தோடு ஒரு சூரியன். மதக் கட்டடங்களில் உயிருருவங்களைத் தவிர்க்கும் மரபில் இப்படியொரு துணிச்சல்!

சிக்கல் என்னவென்றால், இந்தப் பளபளப்பில் எது பழசு, எது புதுசு என்று பிரித்தறிய முடியாது. டெல்லியைச் சூறையாடித் திரும்பிய கையோடு, 1399இல் தைமூர் தொடங்கியது பீபி கானும் மசூதி. இந்தியாவிலிருந்து ஓட்டிவந்த யானைகள்தான் அதற்குக் கல் இழுத்தன. அவசரமும் அளவுமீறிய ஆசையும் சேர்ந்து சீக்கிரமே விரிசல் விட்டது. 1897 நிலநடுக்கத்தில் மேலும் இடிந்தது. இன்று நிற்பதில் பெரும்பங்கு 1970களுக்குப் பின் எழுப்பியது. எனக்கு இதைவிட உலுக் பேக்கின் வானாய்வகம் பிடிக்கும். 1,018 நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்த அரசனின் கருவியில், பூமிக்குள் இறங்கும் வளைவு மட்டுமே மிச்சம். ஆனால் அது அசல்.

புகாராவில் சாமானி அரச வம்சத்தின் கல்லறையைப் பாருங்கள். 10ஆம் நூற்றாண்டுக் கட்டடம், மொத்தமும் சுட்ட செங்கல். வண்ண ஓடு கிடையாது. படுக்கை, செங்குத்து, சாய்வு என்று செங்கல்லை அடுக்கிய விதத்திலேயே கூடை முடைந்தது போன்ற சுவர்கள். வெயில் சாயச் சாய நிழல் நகர்ந்து, அதே சுவர் வேறு சுவராகிவிடும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போவது உத்தமம்.

1127இல் எழுந்த கல்யாண் மினார் 1220இல் செங்கிஸ்கானின் படையெடுப்பையும் தாண்டி நின்றது. அதற்கு எதிரே உள்ள மீர்-இ-அரப் மதரசாவில் இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். அதனால் பயணிகளுக்கு வாசல் வரைதான் அனுமதி. ரெஜிஸ்தான் மதரசாக்களிலோ மாணவர் அறைகள் நினைவுப்பொருள் கடைகளாகிவிட்டன. புகாராவிலும் கடைகள் உண்டு, ஆனால் 16ஆம் நூற்றாண்டில் வணிகத்துக்கென்றே கட்டிய குவிமாடச் சந்தைகளில் கடை இருப்பதுதானே முறை?

கீவா என்ற மூன்றாவது பழைய ஊரையும் சிலர் சேர்ப்பார்கள். அழகுதான், ஆனால் தொலைவு. நாள் குறைவென்றால் விட்டுவிடலாம்.

இரண்டு ஊரும் பார்ப்பதென்றால் சமர்கண்டை முதலில் வையுங்கள். அதன் நீல ஓடுகளில் கண் நிறைந்த பிறகுதான் புகாராவின் வெறும் செங்கல் எடுபடும். இடையில் அஃப்ரோசியாப் அதிவேக ரயில் ஓடுகிறது. இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், விடுதிக்கு முன்பே ரயிலைப் பதிவு செய்துவிடுங்கள்.