திருவிவிலியத்தில் ‘கடவுளின் பிள்ளை’: ஒரு வாசக மதிப்புரை

எங்கள் வீட்டில் பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமமே வழக்கம் என்பதால், கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியான புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை அண்மையில்தான் வாங்கினேன். முழு நூலையும் ஒரு மதிப்புரையில் எடைபோட இயலாது; ஆகவே கிறிஸ்தவர் கடவுளின் பிள்ளை ஆவதைப் பற்றிய பகுதிகளை மட்டும் இரண்டிலும் ஒப்பிட்டுப் படித்தேன்.

யோவான் 1:12இல் பழையது ‘அதிகாரம்’ என்பதைப் புதியது ‘உரிமை’ என்கிறது. பிள்ளையாதல் பிறப்பால் வாய்ப்பதன்று, அருளப்படுவது என்ற பொருளுக்கு இதுவே பொருத்தம். திருத்தூதர் பவுல் எழுதிய கடிதமான ரோமர் 8:17இல் வரும் ‘சுதந்தரர்’ என்பதை விடுதலை பெற்றவர் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ‘உரிமைப்பேறு’ என்று படித்த பிறகே அது வாரிசைக் குறிப்பது விளங்கியது.

ஆனால் அதே அதிகாரத்தின் 15ஆம் வசனத்தில் எனக்கு மனநிறைவில்லை. பவுல் அங்கே எழுதிய கிரேக்கச் சொல், ஒருவரை மகனாக ஏற்படுத்துவதை, அதாவது தத்தெடுப்பதைக் குறிக்கும். புதிய ஏற்பாட்டில் ஐந்தே இடங்களில் வருகிறது. உரோமையில் தத்து என்பது பெரும்பாலும் ஆதரவற்ற குழந்தைக்கு வீடு தருவதன்று, வளர்ந்த ஆணைக் குடும்பப் பெயருக்கும் சொத்துக்கும் வாரிசாக்கும் சட்டச் செயல். அகுஸ்துஸ் பேரரசர் தம் நாற்பதுகளில் இருந்த திபேரியுவை கி.பி. 4இல் அப்படித்தான் மகனாக்கிக்கொண்டார். பழைய மொழிபெயர்ப்பின் ‘புத்திரசுவிகாரத்தின் ஆவி’ (சுவிகாரம் என்றால் தத்து) கடினமான தொடராயினும் இந்தச் சட்டப் பொருளைக் காப்பாற்றுகிறது. புதியதிலோ ‘பிள்ளைகளாக்கும் மனப்பான்மை’ என்றாகி, தத்தும் மறைகிறது, ஆவியும் மறைகிறது. வாரிசுரிமையைத் தெளிவாகச் சொன்ன மொழிபெயர்ப்பு, அதற்கு அடிப்படையான தத்தை விட்டுவிட்டது வியப்பளிக்கிறது.

அதே வசனத்தின் ‘அப்பா’ இரண்டு நூல்களிலும் நம்மை ஏமாற்றும். அது தமிழ்ச் சொல்லன்று. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு மன்றாடியபோது சொன்ன, தந்தையைக் குறிக்கும் அரமேயச் சொல்லை, கிரேக்கத்தில் எழுதிய பவுல் அப்படியே வைத்திருக்கிறார். கிரேக்க வாசகருக்கு அயலாக ஒலித்த சொல் நமக்கு வீட்டுச் சொல்லாக ஒலிப்பது தற்செயல்தான் என்றாலும், எனக்கு அது பிடித்தே இருக்கிறது.

முதன்முறை படிப்பவர் தயங்காமல் திருவிவிலியத்தை வாங்கலாம். பவுலின் கடிதங்களுக்கு மட்டும் பழைய மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள்.