சைக்கிள் குழுவுக்கு ஜெர்சி: மூன்று இடங்களில் விசாரித்து, திருப்பூரில் தைத்தோம்

கோவையில் ஞாயிறுதோறும் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டும் எங்கள் குழுவில் 34 பேர் இருக்கிறோம். முதன்முறையாகக் குழுவுக்கென்று ஜெர்சி தைத்தபோது, எல்லாரிடமும் விலை கேட்டுவிட்டுக் குறைவாகச் சொன்னவரிடமே கொடுத்தோம். வந்து சேர்ந்த நாளில் மடிப்புக் கலையாமல் பார்த்தபோது அழகாகவே இருந்தது. ஆனால் போட்டுக்கொண்டு ஹேண்டில்பார் மீது குனிந்தவுடன் முதுகுப் பக்கம் துணி இழுபட்டு, கருநீலம் வெளிறி, உள்ளிருந்த வெள்ளை எட்டிப் பார்த்தது. அக்குள் தையலை ஒட்டி நிறமே படாத வெள்ளைக் கோடுகள் ஓடின. பின்பையில் கைப்பேசியையும் பம்பையும் வைத்தால் பை இடுப்புக்குக் கீழே தொங்கியது. அந்த ஜெர்சியை இப்போது பெரும்பாலானோர் வண்டி துடைக்கத்தான் பயன்படுத்துகிறார்கள். அடுத்த ஜெர்சிக்கான பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தத் தேடலில் தெரிந்துகொண்டவற்றையும், கடைசியில் தைத்துக் கொடுத்த நிறுவனத்தைப் பற்றிய என் மதிப்பீட்டையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வெள்ளைக் கோடுகள் ஏன் வந்தன என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பினேன். இன்றைய சைக்கிள் ஜெர்சிகள் பெரும்பாலும் சப்ளிமேஷன் முறையில் அச்சிடப்படுகின்றன. வடிவம் முதலில் காகிதத்தில் கண்ணாடிப் பிம்பமாக அச்சாகிறது. அந்தக் காகிதத்தை வெள்ளைப் பாலியஸ்டர் துணிமேல் வைத்து, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடத்துக்குள் அழுத்தி எடுக்கும்போது, மை நீராக உருகாமல் நேரே ஆவியாகி இழைக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. அதனால்தான் ரப்பர் பிரிண்ட் போல இது வெடித்து உரிவதில்லை. துணியின் காற்றோட்டமும் அடைபடுவதில்லை. ஆனால் பருத்தியில் இந்த மை நிற்காது. துணியின் ஒரு பக்கத்தில் மட்டுமே நிறம் ஏறுவதால், மெல்லிய துணியை இழுத்தால் மறுபக்கத்து வெள்ளை தெரியத்தான் செய்யும். தைத்து முடித்த வெள்ளைச் சட்டையை அப்படியே சூட்டு அழுத்தியில் வைத்து அழுத்தினால், தையல் மேடுகளிலும் மடிப்புகளிலும் காகிதம் சரியாகப் படியாது. எங்கள் பழைய ஜெர்சியில் இந்த இரண்டு குறைகளுமே சேர்ந்து நடந்திருந்தன. ஆகவே இம்முறை விலையைக் கேட்பதற்கு முன்பே எல்லாரிடமும் நான் கேட்ட முதல் கேள்வி, அச்சடித்துவிட்டு வெட்டித் தைக்கிறீர்களா, தைத்துவிட்டு அச்சடிக்கிறீர்களா என்பதுதான். இதற்கு உடனே தெளிவாகப் பதில் சொல்லாதவர்களிடம் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

கடைசிவரை பரிசீலனையில் இருந்தவை மூன்று. ஒன்று, வட இந்தியாவிலிருந்து எல்லா விளையாட்டுகளுக்கும் சீருடை தைத்து அனுப்பும் நிறுவனம். ஒன்றுக்கு 750 ரூபாய் கேட்டார்கள், படமும் அன்றே வந்துவிட்டது. ஆனால் அந்தப் படத்தில் முதுகில் இருக்க வேண்டிய எங்கள் ஊரின் பெயர், கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைந்து கிடந்தது. திருத்திக் கேட்டபோது வேறு விதமாகச் சிதைந்து வந்தது. வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் எழுத்துரு உடைவது புதிதல்ல. எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றி நாமே அனுப்பிவிட்டால் தீர்ந்துவிடும் சிக்கல்தான் அது. எனக்கு உறுத்தியது, பிழையைச் சுட்டிக்காட்டிய பிறகும் யாரும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பது. இரண்டாவது, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் குழு ஆடைத் திட்டம். துணியைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் சுங்கவரியும் அனுப்பும் செலவும் சேர்ந்தால், எங்கள் குழுவில் இருக்கும் கல்லூரி மாணவர்களால் அதைத் தாங்க முடியாது. அளவு தவறிப்போனால் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

மூன்றாவது, திருப்பூரில் பெருமாநல்லூர் சாலையை ஒட்டிய ஒரு சிறு நிறுவனம். பக்கத்து ஊர், அதுவும் பின்னலாடை ஊர் என்பதால் மட்டும் இதைத் தேர்ந்தெடுத்துவிட முடியாது. திருப்பூர் அடிப்படையில் பருத்திப் பனியனில் வளர்ந்த ஊர். அங்குள்ள ஆடைச் சந்தையான காதர்பேட்டையில் கடைக்குக் கடை ஜெர்சி தொங்கினாலும், அவற்றில் பெரும்பகுதி கிரிக்கெட்டுக்கும் கைப்பந்துக்கும் உரிய நேரான வெட்டுதான். சைக்கிள் ஜெர்சியின் வெட்டு முற்றிலும் வேறானது. குனிந்த நிலைக்கு ஏற்ப முன்பக்கம் குட்டையாகவும் பின்பக்கம் நீண்டும் இருக்க வேண்டும். தோள்பட்டை முன்னோக்கித் திரும்பியிருக்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் கொஞ்சம் பிடிப்பாகத் தெரிவதுதான் சரியான அளவு. மேலும் அங்கே ஆர்டர் வாங்குபவர் ஒருவர், அச்சடிப்பவர் இன்னொருவர், ஜாப் ஒர்க்கில், அதாவது கூலிக்கு, தைப்பவர் வேறொருவர் என்று வேலை பிரிந்து போவது வழக்கம். குறை வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் போய்விடும். இந்த நிறுவனத்தில் அச்சுப்பொறி, சூட்டு அழுத்தி, கட்டிங் மேசை, பவர் டேபிள் எனப்படும் தையல் மெஷின் வரிசை எல்லாமே ஒரே கூரையின் கீழ் இருந்தன. நான் நேரில் போய்ப் பார்த்தே உறுதி செய்துகொண்டேன்.

அங்கே எனக்கு நம்பிக்கை பிறந்த கணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். துணி 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 140 கிராம் எடை) என்று உரிமையாளர் சொன்னபோது, அதை எப்படி நம்புவது என்று கேட்டேன். அவர் வாதாடவில்லை. கைப்பிடி வைத்த வட்டமான ஜிஎஸ்எம் கட்டரைத் துணிமேல் வைத்து ஒரு திருகு திருகினார். 100 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள வட்டத் துண்டு கையோடு வந்தது. அதைச் சின்ன மின்தராசில் வைத்ததும் 1.41 கிராம் காட்டியது. அந்த எண்ணை நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். பிறகு அதே துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரு கையாலும் இழுத்துக் காட்டி, பக்கவாட்டுக்கு வலைத்துணியும் முதுகுக்கு இந்தத் துணியும் போட்டால் வெளிறாது என்றார். முந்தைய ஜெர்சியின் துணியையும் அங்கேயே வெட்டி நிறுக்கச் சொன்னேன். 1.12 கிராம்தான் இருந்தது.

நிறத்தைப் பற்றிய பேச்சுதான் அதிக நேரம் எடுத்தது. கணினித் திரையில் ஒளிரும் நீலமும் துணியில் ஏறும் நீலமும் ஒன்றாக இருக்க வழியில்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, துணியில் நான்கு மைகளின் கலவையால் நிறம் உண்டாகிறது, அதிலும் சூடு பட்ட பிறகுதான் உண்மையான நிறம் வெளிப்படுகிறது. காகிதத்தில் மங்கிய சாம்பலாக இருந்தது துணியில் கருப்பாக மாறியதை நானே பார்த்தேன். "சார், இந்த நீலம் ஸ்கிரீன்ல தெரியற மாதிரி வராதுங்க. நாலு நீலம் துணியில அடிச்சுத் தர்றேன், வெயில்ல வெச்சுப் பார்த்துட்டு எதுன்னு சொல்லுங்க" என்று அவர் சொன்னது, இந்தத் தேடல் முழுவதிலும் ஒரு வியாபாரியிடமிருந்து நான் கேட்ட மிக நேர்மையான வாக்கியம். அந்த நான்கு துண்டுகளையும் ஞாயிறு சவாரிக்கு எடுத்துப்போய், காலை வெயிலில் எல்லாரும் பார்த்து மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

அடுத்து ஒரே ஒரு மாதிரி ஜெர்சிக்கு முழு விலை கொடுத்துத் தைத்து வாங்கினேன். குழுவுக்குத் தைக்க நினைக்கும் எவரும் இந்தச் செலவைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெரிய ஆர்டர் கொடுத்தால் மாதிரியின் விலையைக் கழித்துக்கொள்வதாக அவரே சொன்னார், அப்படியே கழித்தும் கொடுத்தார். அந்த ஜெர்சியை ஐந்து முறை துவைத்து, பிறகு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதைப் போட்டுக்கொண்டே ஏறினேன். அடிவாரத்தில் வெயில் சுடும், மேலே போகப் போகக் காற்று குளிரும். ஏறும்போது ஒரு கையால் ஜிப்பை இறக்கவும், இறங்கும்போது ஏற்றவும் வேண்டியிருக்கும். ஜெர்சியின் தரத்தை இந்த ஒரு செயலே காட்டிவிடும். ஒய்.கே.கே. ஜிப் போட்டிருந்ததால் ரன்னர் எங்கும் சிக்கவில்லை, விட்ட இடத்தில் நின்றது. மூன்று பைகளிலும் கைப்பேசி, இரண்டு வாழைப்பழம், டியூப், பம்பு எல்லாம் வைத்தும் பை ஆடவில்லை. பையின் மூலைகளில் பார்ட்டாக் எனப்படும் நெருக்கமான உறுதித் தையல் போட்டிருந்ததே அதற்குக் காரணம். குறை இரண்டு இருந்தன. காலரின் உள்விளிம்பு கழுத்தை அறுத்தது. கீழ்விளிம்பு எலாஸ்டிக்கில் ஒட்டியிருந்த சிலிகான் பட்டை, வியர்வையில் இடுப்பில் சிவந்த தடத்தை உண்டாக்கியது. இரண்டையும் சொன்னேன். காலரைத் தாழ்த்தி உள்ளே பட்டி வைத்துத் தைத்தார். சிலிகான் பட்டையைப் பின்பக்கத்தில் மட்டும் வைத்துவிட்டு, முன்பக்கத்துக்குச் சாதா எலாஸ்டிக் போட்டார்.

அளவு விஷயத்தில் எண்களை நம்பாமல், எல்லா அளவுகளிலும் ஒவ்வொன்று அடங்கிய சைஸ் செட்டை இரண்டு வாரம் இரவல் வாங்கி, 34 பேரையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எல் என்று வழக்கமாக வாங்குபவர்களில் பலர் எக்ஸ்எல்லுக்குப் போனார்கள். பெண்களுக்கு ஆண்களின் சிறிய அளவைக் கொடுத்துச் சமாளிக்க முயல்வது இந்தத் தொழிலில் பரவலாக நடக்கிறது. இங்கே முதலில் தனி வெட்டு இல்லை. எங்கள் குழுவின் ஒன்பது பெண்களுக்காகக் கட்டிங் மாஸ்டர் புதிதாக அளவு அட்டை (துணி வெட்டுவதற்கான மாதிரி வடிவம்) வெட்டினார், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை.

ஒன்றின் விலை 1,150 ரூபாய். பாதி முன்பணம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் போல ஒவ்வொரு வடிவத்துக்கும் அச்சுத் திரை செய்யும் செலவு சப்ளிமேஷனில் கிடையாது என்பதால், ஒவ்வொரு ஜெர்சியிலும் அவரவர் பெயரையும் ரத்த வகையையும் அச்சிட்டதற்குக் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. இதற்கெனத் தலைக்கு நூறு ரூபாய் கேட்பவர்கள் இருக்கிறார்கள், கொடுக்கத் தேவையில்லை.

தாமதம் ஆயிற்று என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். நான்கு வாரம் என்றவர் ஆறரை வாரம் எடுத்துக்கொண்டார். இதில் என் பிழையும் உண்டு. நாங்கள் ஆர்டரை உறுதி செய்தது செப்டம்பர் கடைசியில். தீபாவளிக்கு முன்பு திருப்பூரில் எல்லா நிறுவனங்களிலும் வேலை குவிந்துவிடும், பண்டிகைக்கு ஊருக்குப் போகும் டெய்லர்கள் திரும்பி வந்து மெஷின்கள் முழுதாக ஓட ஒன்றிரண்டு வாரங்கள் ஆகிவிடும். பொங்கலுக்கும் இதே நிலைதான். எனினும் தாமதமாகும் என்பதை நான் போன் செய்து கேட்ட பிறகே சொன்னார். அதை அவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வந்த 34 ஜெர்சிகளில் ஒன்றில் காகிதம் நகர்ந்து எழுத்துக்கு நிழல் விழுந்திருந்தது, இன்னொன்றில் பக்கத் தையலில் நீலப் பட்டைகள் அரை அங்குலம் விலகியிருந்தன. புகைப்படம் அனுப்பிய எட்டாம் நாள் இரண்டுக்கும் மாற்று வந்துவிட்டது.

கால்சட்டையையும் அங்கேயே தைக்கலாமா என்று கேட்டேன். இருக்கையில் படும் பேட் நல்லதாகக் கிடைப்பதில்லை, நீண்ட தூரம் போகிறவர்களுக்குத் தான் தைக்க விரும்பவில்லை என்று சொல்லிவிட்டார். 200 கிலோமீட்டர் பிரவேயில் (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் சவாரி) பதின்மூன்றரை மணி நேரம்வரை இருக்கையில் இருக்கப்போகிறவருக்கு அந்தப் பேட்தான் எல்லாம் என்பதால், அவர் மறுத்ததை நான் அவருடைய தகுதியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த மார்ச்சில் குழுவில் ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். மறு ஆர்டரில்தான் நிறம் மாறிப்போகும் என்று பலர் எச்சரித்திருந்ததால் நானே மறுபடி போனேன். முன்பு நாங்கள் தேர்ந்தெடுத்த மூன்றாவது நீலத் துண்டு, குழுவின் பெயரும் தேதியும் எழுதி, எங்கள் கோப்போடு பின் குத்தப்பட்டு இருந்தது. புதிதாக அச்சடித்த துண்டை அதன் பக்கத்தில் வைத்தபோது சற்றுக் கருத்திருந்தது. காகிதம் வேறு லாட் என்றார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே ஆபரேட்டரைக் கூப்பிட்டு நீலத்தைக் குறைக்கச் சொன்னார். மூன்றாம் முறை அடித்த துண்டுதான் ஒத்துப்போனது. போன ஞாயிற்றுக்கிழமை 39 பேரும் ஒன்றாக நின்றபோது, எந்த ஐந்து புதியவை என்று என்னால் நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.