‘டவுட்’, ‘சஸ்பெக்ட்’: பிள்ளைகளுக்கு எந்த அகராதி?

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு. புதுச்சேரி லாஸ்பேட்டையில் என்னிடம்தான் ஆங்கிலம் படிக்கிறாள். அவளுக்கு அகராதி வாங்கப் போனபோது போட்டி இரண்டுக்குள்தான் இருந்தது. ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ‘ஆங்கிலம் – தமிழ்ச் சொற்களஞ்சியம்’. இன்னொன்று, ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் ‘ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’. நான் வாங்கியது ஆக்ஸ்ஃபோர்ட்.

இரண்டுமே கனமான புத்தகங்கள், பைக்குள் வைத்துப் பள்ளிக்குத் தூக்கிப்போக முடியாது. உச்சரிப்பு, புதுச் சொற்கள் இரண்டிலும் ஆக்ஸ்ஃபோர்ட் முந்துகிறது. சொற்களஞ்சியம் 1965-இல் வந்தது, அதில் இணைய மோசடியைக் குறிக்கும் ‘ஃபிஷிங்’கை (phishing) தேட முடியாது. இதெல்லாம் கடையில் நின்று புரட்டினாலே தெரிந்துவிடும்.

நான் சோதித்தது நம்பிக்கை, ஏமாற்று பற்றிய சொற்களை வைத்து. வங்கிக்கு எழுதும் கடிதம், போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கும் புகார், வேலை விண்ணப்பம் எல்லாவற்றிலும் இவை வரும். தப்பாகப் போட்டால் சும்மா இருக்கிறவர் மேல் பழி விழும்.

‘டவுட்’, ‘சஸ்பெக்ட்’ இரண்டையும் எடுத்துக்கொள்வோம். தமிழில் இரண்டுக்கும் சந்தேகம், ஐயம்தான். ஆனால் ‘ஐ டவுட் ஹி டுக் த மனி’ என்றால், அவர் பணத்தை எடுத்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். ‘ஐ சஸ்பெக்ட் ஹி டுக் த மனி’ என்றால், அவர்தான் எடுத்திருப்பார் என்பது என் எண்ணம். நேர் எதிர்! ‘அவர் மேல் எனக்குச் சந்தேகம்’ என்று மனசில் நினைத்துக்கொண்டு ‘டவுட்’ போடுகிற பிள்ளை, அந்த ஆளைக் காப்பாற்றும் வாக்கியத்தை எழுதிவிடுகிறது. தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்து இந்த வித்தியாசத்தைப் பிடிக்கவே முடியாது. சொல்லை வாக்கியத்துக்குள் வைத்துக் காட்டினால்தான் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். நான் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கூடுதல் காசு கொடுத்தது அந்த எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்காகத்தான்.

அந்த அகராதி பிறந்ததே அப்படித்தான். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அவரும் கூட்டாளிகளும் தொகுத்தது 1942-இல் டோக்கியோவில் முதலில் வந்தது, ஆக்ஸ்ஃபோர்ட் அதை 1948-இல் வெளியிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் எங்கே தடுக்கி விழுவார் என்று கிட்ட இருந்து பார்த்தவரின் வேலை.

‘நம்பு’ என்ற நம் ஒற்றைச் சொல்லும் இதே கதைதான். ‘பிலீவ் ஹிம்’ என்றால் அவர் சொன்னது உண்மை என்று ஏற்பது. ‘பிலீவ் இன் ஹிம்’ என்றால் அவர் சாதிப்பார் என்று நம்புவது. ‘டிரஸ்ட் ஹிம் வித் த கீ’ என்றால் வீட்டுச் சாவியையே கையில் கொடுக்கலாம் என்பது. ‘இன்’, ‘வித்’ என்ற குட்டிச் சொற்களில்தான் அர்த்தமே உட்கார்ந்திருக்கிறது.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இன்னொரு பள்ளமும் உண்டு. பிரெஞ்சில் ‘தெசெப்சியோன்’ என்றால் ஏமாற்றம், அதாவது எதிர்பார்த்தது கிடைக்காத வருத்தம். ஆங்கில ‘டிசெப்ஷன்’ என்பதோ பொய்யை மெய் என்று நம்பவைப்பது. தமிழிலும் ஏமாற்று, ஏமாற்றம் இரண்டும் ஒரே வேர். பிரெஞ்சும் தமிழும் சேர்ந்து தள்ள, ரிசல்ட் சரியில்லை என்பதற்கு ‘டிசீவ்டு’ என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அங்கே வரவேண்டியது ‘டிசப்பாயிண்டட்’. ‘டிசெப்டிவ்’, ‘டிசீட்ஃபுல்’ ஜோடியையும் பார்த்துவையுங்கள். அமைதியாகத் தெரிந்து உள்ளே இழுக்கும் நம் கடலை ‘டிசெப்டிவ்’ எனலாம். ‘டிசீட்ஃபுல்’ பொதுவாக வேண்டுமென்றே ஏய்க்கும் ஆளுக்கு.

சொற்களஞ்சியத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் தலைமைப் பதிப்பாசிரியர் அ. சிதம்பரநாதன் செட்டியார், பக்கத்துச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எழுதுகிறவர் மேசையில் அது இருந்தே ஆகவேண்டும். ‘பிட்ரே’ என்பதற்கு ஆங்கில விளக்கத்தை எத்தனை தடவை படித்தாலும், துரோகம், காட்டிக்கொடுத்தல் என்ற நம் சொற்களைக் கேட்டதும் ஏறுகிற மாதிரி மண்டையில் ஏறாது. முன்பே நம்பிக்கை இருந்தால்தானே துரோகம்! அந்த நிபந்தனை தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சட்டச் சொற்களுக்கு இரண்டையும் தாண்டித்தான் போகவேண்டும். ஊரே சொல்லும் ‘ஃபோர் ட்வென்டி’, அதாவது பழைய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). ‘சீட்டிங்’ என்றால் பொய் சொல்லி நம்பவைத்துப் பொருளை வாங்கிக்கொள்வது. ‘கிரிமினல் பிரீச் ஆஃப் டிரஸ்ட்’ என்றால், முறையாக ஒப்படைத்த பொருளைப் பிறகு நேர்மையில்லாமல் சுருட்டுவது, பிரிவு 316. புகார் எழுதும்போது எதைச் சொல்கிறோம் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

லாங்மேன் அகராதியை இரவல் வாங்கித்தான் பார்த்திருக்கிறேன். சுமார் 2000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கம் சொல்வதால் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது இன்னும் சுலபமாக இருக்கலாம். வருடக்கணக்கில் வைத்துப் பழகாததால் அடித்துச் சொல்ல மாட்டேன். கைபேசி மொழிபெயர்ப்பை இந்தச் சொற்களுக்கு மட்டும் நம்பவேண்டாம், பல நேரம் ஒரே ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும்.

புதுப் பதிப்புக்குக் காசு இடிக்கிறதா? காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய பதிப்பு கண்ணில் பட்டால் தயங்காமல் எடுங்கள். ‘டவுட்’, ‘டிரஸ்ட்’ எல்லாம் இந்தச் சில பத்தாண்டுகளில் மாறிவிடவில்லை. இணையத்திலும் ஆக்ஸ்ஃபோர்டை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கில விளக்கமே புரியாத நிலை என்றால் முதலில் ஒரு சின்ன ஆங்கிலம்–தமிழ் அகராதியே வாங்கிக்கொடுங்கள், ஆக்ஸ்ஃபோர்ட் இரண்டு வருடம் கழித்து வரட்டும்.