ஐந்து அறைப் பெட்டியும் நான்கு கட்டமும்: வகுப்பில் நீண்டநாள் பயன்படுத்திய அனுபவம்

மாணவர்களின் சொல்வளத்துக்காக நான் பல ஆண்டுகளாக வகுப்பில் வைத்திருப்பது ஐந்து அறைகள் கொண்ட ஓர் அட்டைப்பெட்டி. ஜெர்மன் மொழியில் எழுதிய அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் விளக்கிய முறை இது. முன்பக்கம் புதிய சொல், பின்பக்கம் அதன் பொருளும் மாணவர் தாமே எழுதிய ஒரு வாக்கியமும் கொண்ட அட்டை முதல் அறைக்குள் நுழையும். பொருளைச் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். எங்கள் வகுப்பில் முதல் அறையைத் தினமும், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை எடுக்கிறோம்.

மறதியைத் தடுப்பதில் இவ்வளவு எளிய, இவ்வளவு நம்பகமான கருவி வேறொன்றை நான் பயன்படுத்தியதில்லை. பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்த உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், மறதி தொடக்கத்தில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடப்பதை 1885இல் எழுதிவைத்தார். அதற்கேற்பப் பெட்டியில் புதிய சொல் அடிக்கடியும் பழகிய சொல் இடைவெளி விட்டும் வருகிறது. வாரக் கடைசித் தேர்வுக்காகச் சொற்பட்டியலை ஒரே இரவில் உருப்போடும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை, அடுத்த மாதம் அதே சொல்லைப் பாடத்தில் கண்டு விழிப்பதைப் பார்க்காத ஆசிரியர் இருக்க முடியாது. பெட்டி வந்தபின் அந்த விழிப்பு என் வகுப்பில் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் பெட்டியை மட்டும் நம்பினால் சொல் அட்டையிலேயே தங்கிவிடுகிறது. ‘சிக்கனம்’ என்றால் ‘அளவாகச் செலவிடுதல்’ என்று பட்டென்று சொல்லும் மாணவன் கட்டுரையில் அந்தச் சொல்லைத் தொடுவதே இல்லை. இதற்கு நான் துணைக்கு எடுத்துக்கொண்டது ஃப்ரேயர் கட்டம். 1969இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரத்தி ஃப்ரேயரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கியது. நடுவில் சொல், சுற்றிலும் வரையறை, இயல்புகள், எடுத்துக்காட்டுகள், எடுத்துக்காட்டு ஆகாதவை என நான்கு கட்டங்கள்.

உயிர் முழுவதும் அந்த நான்காவது கட்டத்தில்தான் இருக்கிறது. தாளின் இரு பக்கமும் எழுதுவது சிக்கனம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பக்கத்தில் இருப்பவருக்குப் பென்சிலை இரவல் தர மறுப்பது? ஒரு மாணவி அதையும் எடுத்துக்காட்டு என்றாள்; இன்னொருத்தி அது கஞ்சத்தனம் என்று மறுத்தாள். பென்சில் ஒன்றுதான் இருந்தால் என்ன, பத்து இருந்தால் என்ன என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. அந்த வாதத்தில் பிள்ளைகள் சிக்கனம் என்ற சொல்லை எத்தனை விதமான வாக்கியங்களில் புழங்கினார்கள்! எந்தப் பயிற்சித்தாளும் அதைச் செய்ய வைத்திருக்காது.

எல்லாச் சொல்லுக்கும் இந்தக் கட்டம் பொருந்தாது, நேரமும் பிடிக்கும். பொருளைப் படமாகக் காட்டிவிட முடிகிற சொற்களுக்கு இது வீண். எனவே சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆசிரியரின் உழைப்பு முக்கியமாகச் செல்ல வேண்டும். கல்வி ஆய்வாளர்களான இசபெல் பெக், மார்கரெட் மெக்கீயோன் ஆகியோர் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள்: அன்றாடப் பேச்சில் தானாக வருபவை, பல பாடங்களிலும் எழுத்திலும் திரும்பத் திரும்ப வருபவை, ஒரு துறைக்கே உரியவை. நான் நடு அடுக்கையே பிடித்துக்கொள்கிறேன். ‘தவிர்’, ‘வலியுறுத்து’, ‘தயக்கம்’, ‘விளைவு’ போன்றவை அறிவியலிலும் வரும், வரலாற்றிலும் வரும், கதையிலும் வரும். ‘ஒளிச்சேர்க்கை’ அந்தப் பாடத்தோடு வரட்டும். வாரத்துக்கு ஐந்தாறு சொற்களுக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. மிகுந்தால் முதல் அறை பிதுங்குகிறது, பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள்.

நடைமுறையில் இரண்டு தொல்லைகள் உண்டு. தனியாக விட்டால் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு ‘தெரியும்’ என்று அட்டையை நகர்த்திவிடுவார்கள்; அதனால் இருவர் இருவராக உட்கார்ந்து, அட்டையைத் துணைவர் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். விடுப்பு எடுத்தவருக்கு அட்டைகள் குவிந்துவிடும். திரும்பி வந்தவுடன் முதல் அறையை மட்டும் பார்க்கச் சொல்லி, மற்றவற்றைச் சில நாள் தள்ளிவைத்தால் போதும். மெல்லிய தாளில் அட்டை செய்யாதீர்கள், ஒரு பருவம்கூடத் தாங்காது.

ஆன்கி போன்ற மின்னட்டைச் செயலிகள், எந்தச் சொல்லை எப்போது திரும்பக் கேட்பது என்ற இடைவெளிக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. வீட்டில் தனியாகப் படிக்கும் பெரிய மாணவர்களுக்கு அவற்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வகுப்பறைக்கு அட்டைதான். திரையைப் பார்க்கும் பிள்ளை யாரோடும் பேசுவதில்லை, பேசாமல் சொல் வாயில் புழங்காது.

ஐந்தாவது அறையைக் கடக்க லைட்னர் முறையில் இல்லாத ஒரு விதியை நான் சேர்த்திருக்கிறேன்: பொருள் சொன்னால் மட்டும் போதாது, அந்தச் சொல் மாணவரின் சொந்த எழுத்திலோ பேச்சிலோ யாரும் தூண்டாமல் ஒருமுறையாவது வந்திருக்க வேண்டும். அதைத் துணைவர் கவனித்து அட்டையின் மூலையில் குறிப்பார். ஆண்டு முடிவில் அட்டைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த வகுப்புக்குப் பழைய அட்டைகளைத் தருவதில்லை, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும். அட்டையில் இருக்கும் வாக்கியத்தைத் தானே யோசித்து எழுதுவதில் பாதிக் கற்றல் நடந்துவிடுகிறது.